விசில்காரரின் இடது பக்கம்

ஹாரன் சத்தத்தில்தான் அந்த வீட்டுக்குச் செய்தி வந்து சேர்ந்தது.

காலை எட்டு மணி இருக்கும். மூத்தவள் வேலைக்குக் கிளம்பத் தலை வாரிக்கொண்டிருந்தாள். அவள் கணவன் பால்கனியில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பூட்ஸ் அடியில் காய்ந்துபோன மண்ணைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தான். தெருமுனையில் ஒரு பைக் ஹாரன் அடித்தது. பின்னாலேயே இன்னொன்று. அப்புறம் எண்ண முடியவில்லை.

"யார் வீட்டுக் கல்யாணம்?" என்றாள் உள்ளேயிருந்து.

பதில் கீழேயிருந்து வந்தது. ஒருத்தன் ஓடும் பைக்கில் பின்சீட்டில் எழுந்து நின்று, பால்கனியைப் பார்த்துக் கத்தினான்.

"சுவர் அண்ணே! கேட்டீங்களா? விசில்காரர் போகலையாம்! இன்னும் ஒரு வருஷம்!"

விசில்காரர் என்பது மூத்தவளின் அப்பா. அந்த ஊர்க் கால்பந்து கிளப்புக்கு இருபத்திரண்டு வருஷமாக அவர்தான் கோச். இரண்டு விரலை வாயில் வைத்து அவர் அடிக்கும் விசில் மைதானத்தைத் தாண்டி மூன்று தெருவுக்குக் கேட்கும். அதனால் அந்தப் பெயர். சுவர் என்பது அவள் கணவன். அவரிடமே பின்வரிசையில் ஆடி, அவருக்கே மருமகனாகி, ஆறு வருஷமாக அவருக்குத் துணைக் கோச்சாக இருப்பவன்.

போன மாதம் சாப்பாட்டு மேஜையில் அப்பா தன் வாயாலேயே சொன்னார்: "இந்த சீசனோட எனக்கு ஓய்வு. அடுத்தது மாப்பிள்ளைதான்." அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான், துறைமுக ஊர்க் கிளப்பிலிருந்து வந்த கடிதத்துக்கு அவன் பத்து நாளாகப் பதில் போடாமல் இருந்தான். தலைமைக் கோச் வேலை. வருகிறாயா, இல்லையா, இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல் என்று கேட்டிருந்தார்கள்.

ஹாரன்கள் தெருவைக் கடந்து போயின. அவன் பூட்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நேத்து சாயந்திரம்கூட மாமா போன் பண்ணினார். காலையில பயிற்சிக்கு வைக்க எத்தனை பிளாஸ்டிக் கோன் எடுத்துட்டு வரணும்னு சொன்னார். இதைச் சொல்லல."

"மறந்திருப்பார்." சொல்லும்போதே அது சப்பென்று இருந்தது.

"பதினெட்டு கோன்னு மறக்கல."

அவள் பால்கனி வாசலில் நின்றாள். "அஞ்சு மணி வரைக்கும் யாருக்கும் பதில் சொல்லிடாதீங்க. நான் அப்பாகிட்ட பேசிட்டு வர்றேன்."

"என்ன பேசுவே? என் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை போட்டுக் குடுங்கப்பான்னா?" அவன் குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றியது. "இருபது வயசுல இருந்து அவர் சொன்ன இடத்துல நிக்கிறேன். மேட்ச் நடக்கும்போது பக்கத்துலயே நிக்கவச்சு, இடது பக்கம் என்ன நடக்குது சொல்லு, யாரு ஓடறான் சொல்லுன்னு ஸ்கூல் பையனைக் கேக்கற மாதிரி கேக்கறார். அதுக்கும் சரின்னு இருக்கேன். இன்னும் என்ன பரீட்சை வேணுமாம்?"

அவளுக்குப் பதில் தெரியும். மூன்று மாதமாகத் தெரியும். நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டு பையை எடுத்தாள்.

படியிறங்கும்போதே அம்மா போனில் வந்தாள்.

"உங்கப்பாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சுடி. நான் சோபாவுக்குப் புது உறை தைக்கக் குடுத்திருக்கேன், மனுஷன் இனிமே வீட்டுல உட்காருவாருன்னு."

"உங்ககிட்டயும் சொல்லலையாம்மா?"

"ரேடியோக்காரன் சொன்னான். அது கிடக்கட்டும். அவர் இடது தோள்பட்டை பூரா நீலமா கன்னிப் போயிருக்கு. கேட்டா கதவு இடிச்சுதாம். முப்பத்தஞ்சு வருஷமா அதே இடத்துல இருக்கற கதவு, இவரைத் தேடி வந்து இடிச்சுதா?"

கடைக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லி மூத்தவள் போனை வைத்தாள்.

*

அவள் வேலை பார்ப்பது கண்ணாடிக் கடையில். முன்பக்கம் ஃபிரேம்கள், பின்பக்கம் இருட்டறை, அங்கே கண் பரிசோதிப்பவள் அவள். ஒரு நாளில் ஐம்பது பேரின் கண்ணுக்குள் எட்டிப் பார்க்கிறவள். யாரோ ஒருவர் வீட்டு ஜன்னல் வழியே அனுமதியோடு பார்ப்பதுபோல அவளுக்கு அது எப்போதும் தோன்றும். இன்று எல்லா ஜன்னலிலும் ஒரே படம்தான்.

முதலில் வந்தவர் லாரி ஓட்டுநர். லைசென்ஸ் புதுப்பிக்கக் கண் காட்ட வந்திருந்தார்.

"நாடியை இங்க வைங்க. நெத்தி ஒட்டணும்."

"தப்பிச்சோம்மா, தப்பிச்சோம்."

"பேசினா தாடை ஆடும். ஆடினா எனக்கு ஒண்ணும் தெரியாது."

"சரி, பேசல." ஒரு நொடிதான். "ஆனா நினைச்சுப் பாருங்க. அந்த மருமகன் கையில டீம் போயிருந்தா என்ன ஆயிருக்கும்? சுவரு நல்ல சுவருதான், இல்லைங்கல. பந்து பட்டா திரும்பி வரும். ஆனா சுவரு யோசிக்குமா?"

திரைக்கு வெளியே முறைக்குக் காத்திருந்த இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அவள் யார் பெண்டாட்டி என்று அங்கே யாருக்கும் தெரியாது. வெள்ளைக் கோட்டைப் போட்டுவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது.

"மேல பாருங்க," என்றாள். விளக்கைத் தேவைக்குக் கொஞ்சம் அதிகமாகவே கூட்டினாள்.

"எரியுதும்மா."

"எரியும்."

அப்போது திரைக்கு வெளியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. தபால் அலுவலகத்தில் கடிதம் பிரிக்கிற அம்மா. கண்ணாடிக் காம்பு உடைந்து வந்திருந்தாள்.

"நீங்க எல்லாரும் சிரிங்க. எனக்கு என்னமோ அவரைப் பார்த்தா பயமா இருக்கு."

"யாரை? சுவரையா?"

"விசில்காரரைத்தான். பதினஞ்சு வருஷமா அவர் நிக்கற இடத்துக்கு இடது பக்கத்து வரிசையிலதான் உட்கார்றேன். கொஞ்ச நாளா அந்தப் பக்கம் பார்க்கணும்னா கழுத்தை மட்டும் திருப்பறதில்ல, உடம்பையே திருப்பறார். போன சனிக்கிழமை ஒருத்தர் அதே இடது பக்கமா வந்து தண்ணி பாட்டிலை முகத்துக்கிட்ட நீட்டினார். பார்க்கவே இல்ல. மருமகன்தான் வாங்கி அவர் கையில வச்சார்."

"அது யோசனைம்மா. பெரிய மூளை. பாட்டிலைப் பார்க்க எங்க நேரம்?"

"எங்க வீட்டுக்காரருக்கும் முதல்ல யோசனைன்னுதான் நினைச்சேன்," என்றாள் அந்த அம்மா. திரையை லேசாக விலக்கி மூத்தவளைப் பார்த்தாள். "நீங்க கண்ணு பார்க்கறவங்க. நீங்க சொல்லுங்களேன்."

"ஆளைப் பார்க்காம எப்படிம்மா சொல்றது?" என்றாள் அவள்.

அந்தப் பொய் வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. ஏனென்றால் இதே அறையில், இதே ஸ்டூலில், மூன்று மாதத்துக்கு முன்னால் அப்பா உட்கார்ந்திருந்தார்.

மூலையில் பக்கப் பார்வையை அளக்கிற ஒரு வெள்ளைக் கருவி இருக்கிறது. கடையில் எல்லோரும் அதைக் கிண்ணம் என்பார்கள். முகத்தை உள்ளே வைத்து நேராகப் பார்க்கவேண்டும். அங்கங்கே புள்ளிபோல் வெளிச்சம் மினுக்கும். தெரிந்தால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். அப்பா விடாமல் அழுத்தினார். காகிதம் வெளியே வந்தபோது, இவருடைய பதில்களை நம்பமுடியாது என்று கருவியே அடியில் அச்சடித்திருந்தது. வெளிச்சமே வராத நேரத்தில் பதினோரு முறை அழுத்தியிருந்தார்.

"அப்பா, ஏமாத்தாதீங்க."

"ஏமாத்தலம்மா. இப்ப ஒண்ணு வரும்னு தெரிஞ்சுது, அழுத்தினேன். நாப்பது வருஷமா என் வேலையே அதுதானே?"

மறுபடி வைத்தாள். தெரிந்தால் மட்டும் அழுத்துங்கள் என்று கெஞ்சினாள். இந்த முறை வந்த காகிதத்தில் இடது பக்கம் மை கொட்டியதுபோல் கறுப்பாக இருந்தது. பெரிய மருத்துவமனையில் டாக்டர் சொட்டு மருந்து எழுதினார். இருப்பதைக் காப்பாற்றலாம், போனது போனதுதான் என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது அப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "அம்மாகிட்ட வேண்டாம். மாப்பிள்ளைகிட்ட வேண்டவே வேண்டாம். சத்தியம் பண்ணு." பண்ணினாள். அதனால்தான் போன மாதம் அவர் ஓய்வு என்றதும் ஊரே அழுதபோது அவள் ஒருத்தி மட்டும் நிம்மதியாக மூச்சு விட்டாள்.

அந்த நிம்மதிக்கு ஆயுள் ஒரு மாதம்தான்.

மத்தியானம் தலைவலி என்று சொல்லி அரை நாள் லீவு போட்டாள்.

*

பயிற்சி மைதானத்தின் கேட்டுக்கு வெளியே இருநூறு பேராவது இருப்பார்கள். படுக்கைவிரிப்பில் பெயின்டால் எழுதி இரண்டு மூங்கிலில் கட்டியிருந்தார்கள்: இன்னும் ஒரு வருஷம். யாரோ ஒருவன் அவளை அடையாளம் கண்டுகொண்டான். "விசில்காரர் பொண்ணுப்பா! வழி விடுங்க!" கூட்டம் இரண்டாகப் பிளந்தது. ஒருத்தர் கை கூப்பினார். ஒருத்தர் அழுதேவிட்டார்.

உள்ளே அப்பா தனியாக இருந்தார். நாற்காலியை வழக்கம்போல் மைதானத்து ஓரத்தின் நடுவில் போடாமல், இடது கோடிக்கு இழுத்துப் போட்டிருந்தார். அங்கிருந்து பார்த்தால் மைதானம் முழுக்க அவருக்கு வலது பக்கம்தான். வேறு யாருக்கும் அது புரிந்திருக்காது. அவளுக்குப் புரிந்தது.

"அப்பா."

அவர் உடம்போடு திரும்பினார். "வந்துட்டியா? சாப்டியா? இந்தப் பக்கம் வா, வலது பக்கம்."

"அவர் எங்க?"

"பயிற்சி முடிச்சுட்டு அப்பவே போயிட்டான். இன்னிக்கு முழுக்க நாலு வார்த்தை. 'சரி சார்', 'சரி சார்'. அவ்வளவுதான்."

கேட்டுக்கு இந்தப் பக்கம் சார், வாடா, போடா. அந்தப் பக்கம் மாமா, வாங்க மாப்பிள்ளை. பதினாறு வருஷமாக இரண்டு பேரும் அந்தக் கேட்டைத் தாண்டும்போது நாக்கை மாற்றிக்கொள்வார்கள். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

"ஏம்பா இப்படிப் பண்ணினீங்க? கண்ணை வச்சுக்கிட்டு..."

"மெதுவாப் பேசு." கேட்டைப் பார்த்தார். "போன வாரம் செக்ரட்டரி ரூமுக்குப் போனேன். மேஜை மேல ஒரு காகிதம். எனக்கு அப்புறம் யாருன்னு மூணு பேர் எழுதி வச்சிருந்தாங்க. கிட்டத்துல இருக்கறது எனக்கு இன்னும் நல்லாத்தான் தெரியுது. மூணும் வெளியூர்க்காரன்."

"அவர் பேரு?"

அப்பா தலையை ஆட்டினார். "பேச்சுக்குக்கூட இல்ல. நான் கேட்டேன். 'சார், அவரு ஓரமா நின்னு எடுபிடி வேலைக்குச் சரி'ன்னு சொன்னான். நான் போனா புதுசா வர்றவன் தன் ஆளைக் கூட்டிட்டு வருவான். உன் வீட்டுக்காரன் நடுத்தெருவுல நிப்பான். நான் ஒரு வருஷம் இருந்தா, அவனை முன்னால நிறுத்தி நாலு மேட்ச் ஜெயிச்சுக் காட்டலாம்."

"இதை அவர்கிட்டயே சொல்லியிருக்கலாமே!"

"உன்னை ஒருத்தருக்கும் வேண்டாம்னு ஒரு மனுஷன் முகத்தைப் பார்த்து எப்படிம்மா சொல்றது?"

"அதுக்காக மட்டும்தானாப்பா?"

அவர் குனிந்து ஒரு புல்லைக் கிள்ளினார். "போன ஞாயித்துக்கிழமை வீட்டுல சும்மா உட்கார்ந்து பார்த்தேன். நம்ம வீட்டுக் கடிகாரம் அவ்வளவு சத்தம் போடும்னு இத்தனை வருஷமா எனக்குத் தெரியாது."

அவள் துறைமுக ஊர்க் கடிதத்தைச் சொன்னாள். ஐந்து மணி கெடுவையும் சொன்னாள். அப்பாவின் முகத்தில் ஏதோ ஒன்று சரிந்து, பிறகு நிமிர்ந்தது.

"தலைமைக் கோச்சா? அவங்களே கூப்பிட்டாங்களா? நம்ம ஆளையா?" ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, பெருமையில் அவர் முகம் இளமையாகிப்போனது. "அப்ப போகச் சொல்லு. உடனே போகச் சொல்லு. என் கண்ணைப் பத்தி மட்டும் மூச்சு விடாதே. தெரிஞ்சா போக மாட்டான். கிறுக்கன், என் பக்கத்துலயே நின்னுடுவான்."

"நீங்க?"

"காலையில சொன்னதை மத்தியானம் மாத்தினா ஊரே சிரிக்கும். பார்த்துக்கறேன்."

அதற்குள் கேட் திறந்துவிட்டது. காவலாளி எத்தனை நேரம்தான் தாக்குப் பிடிப்பான்? கூட்டம் பொங்கிய பால்போல் உள்ளே வந்தது. அப்பா எழுந்து சிரித்த முகத்தோடு கை கொடுக்க ஆரம்பித்தார். வலது பக்கம் வந்த ஒவ்வொருவர் கையையும் பிடித்தார், பெயர் சொன்னார், தோளில் தட்டினார். இடது பக்கம் ஒரு நீலச் சட்டைக்காரர் கையை நீட்டியபடி நின்றுகொண்டிருந்தார். நின்றார். நின்றுகொண்டே இருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் கவனிக்கத் தொடங்கினார்கள்.

"ஏன் சார்," என்றார் கடைசியில். "அவ்வளவு பெரிய ஆளாயிட்டீங்களா? நாங்க கண்ணுக்கே தெரியலையா?"

சுற்றிலும் சத்தம் அடங்கியது. அப்பா சிரித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். குரல் எங்கிருந்து வருகிறது என்று அவர் தேடுவது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அவள் பாய்ந்து போய் அப்பாவின் இடது கையைக் கோத்துக்கொண்டாள். காதோடு சொன்னாள்: "இடது பக்கம். நீலச் சட்டை. கை நீட்டியிருக்கார்."

அப்பா சட்டென்று திரும்பி அந்தக் கையை இரண்டு கையாலும் பற்றினார். "உங்களைத் தெரியாமலா? கடைசியா பேசலாம்னு வச்சிருந்தேன்யா!" கூட்டம் ஆரவாரித்தது. நீலச் சட்டைக்காரர் தேம்பினார்.

மூத்தவள் அப்பாவின் கையை விடவில்லை. அவள் கணவன் ஒவ்வொரு மேட்சிலும் செய்வது இதைத்தான். தான் செய்வது என்னவென்று தெரியாமலே செய்கிறான். அவன் போய்விட்டால் அடுத்த சனிக்கிழமை பத்தாயிரம் பேருக்கு முன்னால் யார் காதோடு சொல்வார்கள்?

*

வீட்டுக்கு வந்தபோது நாலரை. கணவன் கடிதத்தை மேஜையில் விரித்து வைத்திருந்தான். பக்கத்தில் போன்.

பஸ்ஸில் வரும்போதே அவள் முடிவு செய்திருந்தாள். இரண்டையும் சொல்லிவிடுவது. கண்ணையும் சொல்வது, செக்ரட்டரி மேஜையில் இருந்த காகிதத்தையும் சொல்வது. அப்புறம் அவன் பாடு, அவன் முடிவு. சத்தியம் போனால் போகட்டும்.

"உங்கப்பா என்ன சொன்னார்?"

"உட்காருங்க. ரெண்டு விஷயம் சொல்லணும்."

"ஒண்ணொண்ணா சொல்லு."

கண்ணிலிருந்து ஆரம்பித்தாள். கிண்ணம், பதினோரு முறை அழுத்தியது, கறுப்பான காகிதம், சொட்டு மருந்து, தோளில் நீலம், இன்று நீலச் சட்டைக்காரர். முதலில் அவன் அவளைப் பார்த்த பார்வையில் கோபம் இருந்தது. "மூணு மாசமா?" என்று மட்டும் கேட்டான். "சத்தியம் வாங்கிட்டார்," என்றாள் அவள்.

பிறகு அவன் எழுந்து ஜன்னல் வரை போனான். திரும்பி வந்தான்.

"அப்ப 'இடது பக்கம் என்ன நடக்குது சொல்லு'ன்னு கேட்டது..."

"கண்ணு தெரியாமத்தான் கேட்டார்."

"என்னைப் பரீட்சை பண்ணல."

"இல்ல."

"நான் சொன்னதை வச்சுத்தான் ஆளை மாத்தினாரா? போன மாசம் அந்த ரெண்டு கோல்... அதெல்லாம் நான் சொன்னதா?" அவன் முகம் இறுக்கம் விட்டு மெல்ல மெல்ல இளகியது. காலையிலிருந்து அல்ல, எத்தனையோ மாதமாக அவள் பார்க்காத முகம் அது. "என்னை நம்பித்தான் அங்க நிக்கறார். எனக்குத் தெரியலையே. கிழவர் என்னை நம்பாம ஒதுக்கறார்னு இங்க குமைஞ்சுக்கிட்டு இருக்கேன்!" சிரித்தான். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டான். "என்ன மனுஷன்டி உங்கப்பா."

அவளும் சிரித்தாள். அடுத்ததைச் சொல்ல வாயைத் திறந்தாள்.

அவன் போனை எடுத்துவிட்டான்.

மேஜைக் கடிகாரத்தில் நாலு ஐம்பத்திரண்டு. இன்னும் எட்டு நிமிஷம் இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. எட்டு நிமிஷம் ஒரு வாக்கியத்துக்கு அதிகம். செக்ரட்டரி மேஜையில் மூன்று பேர், அதில் நீங்கள் இல்லை. சொன்னால் அந்த முகம் போய்விடும். சொன்னால் அவனும் போய்விடுவான். இதில் எதற்காகத் தான் வாயைத் திறக்காமல் நிற்கிறோம் என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"வணக்கம் சார்... ஆமா, நான்தான். ரொம்ப நன்றி சார், நினைச்சுக் கூப்பிட்டதுக்கு. இல்லைங்க, வர முடியல... இங்க வீட்டுல பெரியவருக்கு நான் வேணும். வேற யாரையாவது பாருங்க." அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். "யோசிச்சுட்டேன் சார். நல்லா யோசிச்சுட்டேன்."

வைத்தான். கடிதத்தை நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டான்.

"நாளைக்குக் காலையில முதல் வேலையா மாமாகிட்ட போய், எனக்குத் தெரியும்னு சொல்லிடப் போறேன். இனிமே ஒளிச்சு விளையாட வேண்டாம். என்ன, ஒரு வருஷம்தானே?" அவன் அவள் தோளில் கை போட்டான். "அதுக்கப்புறம் டீம் நம்ம கையிலதானே?"

"ஆமா," என்றாள் அவள்.